நெய்யாற்றின்கரை என்னும் சொல்லும் இயங்குதளத்தின் எல்லைக்கோடும்

தென்னிந்தியாவில் கட்டற்ற மென்பொருள் வேரூன்றிய வரலாற்றைச் சொல்பவர்கள் ஒரு குறிப்பிட்ட தேதியிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில் நடந்த மாநாட்டில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கிவைக்கப்பட்டது. ரிச்சர்ட் ஸ்டால்மன் நேரில் வந்து உரையாற்றினார். பின்னர் கேரள அரசின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், பள்ளிக் கணினிகளில் குனு/லினக்ஸ், 2017இல் அத்திட்டம் 'கைட்' நிறுவனமாக உருமாறியது என்று கதை நீள்கிறது. கதை பொய்யன்று. ஆனால் அதில் இரண்டு பெரிய ஓட்டைகள் உள்ளன.

முதல் ஓட்டை: மேடையில் முழங்கப்பட்ட விடுதலைச் சொற்கள் மேற்கோள்களாகி நிற்கின்றன. பிற்பகல் அமர்வுகளில் எழுத்துரு பற்றியும் விசைப்பலகை பற்றியும் குறியேற்றம் பற்றியும் பேசப்படும் தொழில்நுட்ப உரைகள் அடிக்குறிப்பாகக்கூட மிஞ்சுவதில்லை. இரண்டாம் ஓட்டை: அந்த மாநாடு நடந்த அதே மாவட்டத்தின் தென்முனையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில், தமிழை வீட்டிலும் மலையாளத்தைத் தெருவிலும் பேசி வளரும் பிள்ளை இந்தக் கதையில் இல்லை. கேரளத்தின் கட்டற்ற மென்பொருள் வரலாறு மலையாளத்தின் வரலாறாக எழுதப்படுகிறது. தமிழ்க் கணிமையின் வரலாறோ சென்னை, சிங்கப்பூர், கொழும்பு, கோலாலம்பூர் என்று கடல் கடந்து போகிறதே ஒழிய, களியக்காவிளையைத் தாண்டி மூன்று நான்கு கிலோமீட்டர் மேற்கே வருவதில்லை.

இவ்விரண்டு ஓட்டைகளும் உண்மையில் ஒன்றே. எல்லைக் கிராமத்தின் மொழிக்குறை மேடை முழக்கத்தில் பிடிபடாது. அது எழுத்தின் குறியெண் அளவிலும் விசையின் இடம் அளவிலும்தான் கண்ணுக்குத் தெரியும். தொழில்நுட்ப உரையைத் துச்சமாகக் கருதும் வரலாற்றெழுத்து எல்லைக் கிராமத்தைக் காணத் தவறியதில் வியப்பில்லை.

தமிழ் உலகில் மாநாடு என்ற சொல்லுக்கு ஒரு நிலைத்த உருவம் உண்டு. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை. நண்பகல் உணவுக்குப் பிறகு, பாதி நாற்காலிகள் காலியான அரங்கில், கட்டுரை வாசிப்பு. தலைமையுரைக்கு ஒரு மணி நேரம்; ஆறு மாதம் உழைத்து ஒரு பிழையைக் கண்டுபிடித்தவருக்குப் பத்து நிமிடம், அதிலும் இரண்டு நிமிடம் மணியடிப்பில் கழியும். இந்த வரிசைமுறையை அப்படியே வரலாற்றுக்கும் பொருத்திவிட்டார்கள் ஆய்வாளர்கள். இயங்குதளப் பயனர் மாநாடு என்னும் வடிவம் பிறந்த இடத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

யுனிக்ஸ் இயங்குதளத்தைக் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1973 அக்டோபரில் ஒரு கருத்தரங்கில் முதன்முதலாக வெளியுலகுக்கு விளக்கினர். அக்கட்டுரை 1974 ஜூலையில் அச்சேறியது. இவ்விரண்டுக்கும் இடையில், 1974 மே 15 அன்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் லூ கட்ஸ் என்பவரின் முயற்சியால் யுனிக்ஸ் பயனர்களின் முதற்கூட்டம் நடந்தது. வந்தவர்கள் ஏறத்தாழ இரண்டு டஜன் பேர். அவர்கள் கூடியதற்குக் காரணம் ஆர்வம் மட்டுமன்று, கதியின்மையும்தான். யுனிக்ஸை உருவாக்கிய பெல் ஆய்வகத்தின் தாய் நிறுவனமான ஏ.டி. அண்டு டி., 1956 ஜனவரியில் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட வழக்குத் தீர்வுப்படி தொலைத்தொடர்புக்கு வெளியே வணிகம் செய்ய இயலாது. ஆகவே பல்கலைக்கழகங்களுக்கு மூலநிரலோடு யுனிக்ஸ் கிடைத்தது. கூடவே விளம்பரம் இல்லை, உதவி இல்லை, பிழைதிருத்தம் இல்லை என்ற நிபந்தனையும் கிடைத்தது. விற்றவர் உதவமாட்டார் என்றானபோது வாங்கியவர்கள் ஒருவருக்கொருவர் உதவுவதைத் தவிர வழியில்லை.

அந்தக் கூட்டங்களில் பேசியவர்கள் யார்? குறையை அனுபவித்தவர்கள். ஒரு வட்டு இயக்கி ஏன் தடுமாறுகிறது, ஒரு முனையம் ஏன் எழுத்துகளை விழுங்குகிறது, எந்த வரியை எப்படி மாற்றினால் சரியாகிறது என்று சொல்வதே உரை. உரை முடிந்ததும் திருத்தப்பட்ட நிரல் காந்த நாடாவில் கைமாறும். 1975இல் செய்திமடல் தொடங்கியது. யுனிக்ஸ் என்ற பெயரைப் பயன்படுத்துவதற்கு நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் தடைசொன்ன பின்னர் அமைப்பு 'யூஸ்னிக்ஸ்' என்ற பெயரை ஏற்றது. வணிகப் பயனர்களின் சங்கம் 1984இல் வெளியிட்ட தரமுறை, 1988இன் பாசிக்ஸ் தரத்துக்கு அடித்தளமாயிற்று. பயனர் சங்கத்தில் எழுந்த பேச்சு சில ஆண்டுகளில் உலகத் தரமுறையாக உறைந்த வரலாறு இது. இங்கே தொழில்நுட்ப உரை மாநாட்டின் ஒப்பனை அன்று, மாநாடே அதுதான்.

தமிழுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு சான்று போதும். தொடக்ககால யுனிக்ஸ் ஆங்கிலத்தின் ஏழு துகள்களுக்காக எழுதப்பட்டது. எட்டாவது துகள் வீணாகக் கிடப்பதாக எண்ணிய நிரலாளர்கள் அதைத் தம் வசதிக்கு எடுத்துக்கொண்டார்கள்; ஸ்டீவ் போர்ன் எழுதிய கட்டளைக்கூடு மேற்கோளிடப்பட்ட எழுத்தை அடையாளமிட அதைப் பயன்படுத்தியது. எட்டாவது துகளில்தான் ஐரோப்பியரின் குறியிட்ட எழுத்துகள் இருந்தன. ஆங்கிலம் அல்லாத மொழியில் கோப்புக்குப் பெயரிட முயன்றவருக்குத்தான் அந்தக் குறை தெரிந்தது; ஆங்கிலம் மட்டுமே எழுதியவருக்கு அப்படியொரு குறை இருப்பதே தெரியாது. பிறகு உலக எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே குறியெண் அட்டவணை என்ற திட்டம் வந்தபோது, அதைப் பைட்டுகளாக மாற்ற முன்மொழியப்பட்ட முதல் முறையில் ஒரு பெரிய இடர் இருந்தது: வேற்றுமொழி எழுத்தொன்றின் நடுவில் சாய்கோட்டின் பைட் வரக்கூடும்; யுனிக்ஸோ சாய்கோட்டைக் கண்டால் அடைவு மாறிவிட்டதாக எண்ணும். 1992 செப்டம்பரில் நியூஜெர்சியின் உணவகம் ஒன்றில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில், கென் தாம்சன் வேறொரு முறையை வரைந்தார். ராப் பைக் உடனிருந்தார். 1993 ஜனவரியில் சான் டியேகோ நகரில் கூடிய யூஸ்னிக்ஸ் மாநாட்டில் அவர்கள் அதை விளக்கினார்கள். உலகுக்கு வணக்கம் சொல்லும் வாசகத்தை ஆங்கிலம், கிரேக்கம், சப்பானியம் ஆகிய மூன்றிலும் எழுதியதே அக்கட்டுரையின் தலைப்பு. யு.டி.எஃப்-8 என்ற அம்முறையில்தான் இன்று தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட்டுகளாகப் பயணம் செய்கிறது. அந்த மாநாட்டின் வாழ்த்துரைகள் யாருக்கும் நினைவில்லை. அந்தத் தொழில்நுட்ப உரையின் மேல் தமிழ் இணையம் முழுவதும் நின்றுகொண்டிருக்கிறது.

தெற்கே இதற்கு இணையான இரண்டு நிகழ்வுத் தொடர்கள் உண்டு. ஒன்று தமிழுடையது. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று கூட்டிய தமிழ்நெட் மாநாடு, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99, 2000இல் சிங்கப்பூரில் உருவான உத்தமம். ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றத்தை வைத்திருந்த காலம் அது. ஒருவர் அனுப்பிய மடலை மற்றவர் வாசிக்க அவருடைய எழுத்துருவையும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. சென்னை மாநாட்டில் நடந்த வாதங்களிலிருந்துதான் டாம், டாப் என்ற இரு குறியேற்றங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் வந்தன. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம்: முப்பத்தொரு விசைகளில் 247 எழுத்துகள். குறியேற்றங்கள் ஒருங்குறியின் வரவால் வழக்கொழிந்தன, விசைப்பலகை நிலைத்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையே தரமாக ஏற்றது.

மற்றொன்று மலையாளத்துடையது. 1999இல் திருவனந்தபுரத்தில் ஆர். சித்திரஜகுமாரும் கே. எச். உசைனும் முன்னெடுத்த ரசனா இயக்கம், தட்டச்சுப்பொறிக்காகச் சிதைக்கப்பட்ட மலையாள எழுத்துமுறையை அதன் கூட்டெழுத்துகளோடு கணினியில் மீட்டெடுத்தது. 2002இல் தொடங்கிய சுதந்திர மலையாளக் கணிமைக் குழு எழுத்துரு, உள்ளீட்டு முறை, இடைமுக மொழிபெயர்ப்பு என்று அதைத் தொடர்ந்தது. சில்லெழுத்துகளுக்குத் தனிக்குறியெண் வேண்டுமா என்பது குறித்து ஒருங்குறி அமைப்போடு நடந்த நெடிய வழக்காடல், இந்திய மொழி ஒன்றின் பயனர்கள் நடத்திய மிகக் கூர்மையான தொழில்நுட்ப விவாதங்களுள் ஒன்று.

இரண்டும் பெருமைக்குரியவை. குறை இவற்றின் உழைப்பில் இல்லை. இவற்றின் முன்முடிவில் இருக்கிறது. தமிழ் என்றால் தமிழ்நாடும் அயலகமும், மலையாளம் என்றால் கேரளம் என்று இரு தரப்பும் பேசாமலே ஒப்புக்கொண்டன. மாநில எல்லை மொழியெல்லை ஆயிற்று. அந்த எல்லையோ 1956 நவம்பர் 1 அன்று வட்டம் வட்டமாக வெட்டிப் போடப்பட்ட எல்லை. நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கோரியது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எந்த வட்டத்திலும் மொழி வட்டத்தின் வரம்பில் முடிவதில்லை. இந்தப் பக்கம் தமிழரும் அந்தப் பக்கம் மலையாளியரும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

இனி நெய்யாற்றின்கரை என்ற அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். ஒருங்குறியில் இந்திய எழுத்துமுறைகளின் அட்டவணைகள் இஸ்கி என்ற பழைய இந்தியத் தரத்தைப் பின்பற்றி ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்டவை. தமிழ்க் ககரத்தின் குறியெண்ணோடு 384ஐக் கூட்டினால் மலையாளக் ககரம் வரும். இந்த விதியை நெய்யாற்றின்கரை என்ற தமிழ்ச் சொல்லின் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் பொருத்திப் பார்த்தால், நெ, ய், யா, ற், றி என்று ஒவ்வொன்றும் பிசகின்றி மலையாள எழுத்தாகின்றன. மலையாளிகள் இரட்டை வல்லொலியாக ஒலிக்கும் கூட்டெழுத்துகூடத் தமிழின் ற்ற என்ற அதே அமைப்பிலேயே வந்து நிற்கிறது. இரண்டே இடங்களில் விதி முறிகிறது. கடைசி எழுத்து ஒன்று: தமிழில் கரை, மலையாளத்தில் கர. இது மொழிவழக்கின் வேறுபாடு, கணினியின் குற்றமன்று. மற்றொன்று னகர மெய். தமிழில் நகரமும் னகரமும் தனித்தனி எழுத்துகள். மலையாள வழக்கில் இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து. சொல்லிடையில் மெய்யாக நிற்கும்போது அது சில்லெழுத்தாக வடிவம் மாறும். அந்தச் சில்லு 2008க்கு முன் நகரம், சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் என்று மூன்று குறியெண்களால் எழுதப்பட்டது. 2008இல் வந்த ஒருங்குறி 5.1 அதற்கென ஒற்றைக் குறியெண்ணை வழங்கியது. இரண்டும் சமம் என்று அந்தத் தரம் அறிவிக்கவும் இல்லை.

விளைவு என்ன? மலையாளத்தில் நெய்யாற்றின்கரை என்ற ஊருக்குத் திரையில் ஒரே தோற்றமும் நினைவகத்தில் இரண்டு எழுத்துக்கூட்டுகளும் உள்ளன. தனி ஏற்பாடு செய்யாத மென்பொருளில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. தமிழ் எழுத்திலிருந்து பெயர்மாற்றம் செய்யும் நிரல் வெறுங்கணக்கை நம்பினால் மலையாளத்தில் வழக்கிலேயே இல்லாத ஒரு னகரத்தைத் தரும். அகரவரிசையிலோ தமிழின் னகரம் மெய்களின் கடைசியில் நிற்கும். மலையாளச் சில்லு நகரத்தோடு சேர்ந்து நடுவில் நிற்கும். வாக்காளர் பட்டியல், நிலப்பதிவு, பள்ளி வருகைப்பதிவு என்று பெயர்களை வரிசைப்படுத்தும் எதற்கும் இது ஏட்டுச் சிக்கலன்று. ஓர் ஊரின் பெயர் இரு மொழியிலும் கணினிக்குள் போய் மீளும்போது என்னென்ன ஆகிறது என்பதை ஒரு மணி நேரம் விளக்கினால், அது எந்தப் பயனர் மாநாட்டிலும் நிமிர்ந்து நிற்கக்கூடிய தொழில்நுட்ப உரை. அதை ஆற்றுவதற்கு அந்த ஊரில் வாழ்பவரைவிடத் தகுதியானவர் யார்?

விசைப்பலகையின் கதை இதைவிட எளியது, இதைவிடக் கசப்பானது. கேரளப் பள்ளிகளில் மலையாளத் தட்டச்சு கற்பிக்கப்படுவது இன்ஸ்கிரிப்ட் முறையில். அம்முறையின் சிறப்பே எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே விசையிடம் என்பதுதான்: 'கே' விசையில் ககரம், 'எச்' விசையில் பகரம், மலையாளத்திலும் தமிழிலும். தமிழ் 99 முறையிலோ ககரம் 'எச்' விசையில் இருக்கிறது. 'கே' விசையில் மகரம். ஆக, பாறசாலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் விரலும் களியக்காவிளையில் தமிழ் 99 பழகிய பிள்ளையின் விரலும், நடந்தே போகக்கூடிய தொலைவுக்குள், ஒரே எழுத்துக்கு வேறு வேறு இடம் தேடுகின்றன. பாறசாலைப் பிள்ளை தனக்குத் தெரிந்த மலையாள விரற்பழக்கத்தைக் கொண்டே அதே நாளில் தமிழும் தட்டச்சு செய்துவிட முடியும் என்பது யாரும் அதற்குச் சொல்லவேண்டிய செய்தி. சென்னையின் தமிழ்க் கணிமையாளர் தமிழ் 99ஐப் பரிந்துரைப்பார். அவருக்கு அந்தப் பிள்ளையின் விரல்கள் மலையாளம் அறிந்தவை என்பது தெரியாது. திருவனந்தபுரத்தின் கணிமையாளர் மலையாளம் கற்பிப்பார். அந்த விரல்களுக்குத் தமிழ் வேண்டும் என்பது அவர் சிந்தனையில் வராது. இருவரிடமும் பகை இல்லை. இருவரும் கூடும் அரங்கில் அந்தப் பிள்ளைக்கு நாற்காலி இல்லை, அவ்வளவே.

சட்டங்களையும் இயங்குதளத்தையும் அருகருகே வைத்தால் முரண் இன்னும் தெளிவாகும். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு எழுத்துப் போக்குவரத்து வைத்துக்கொள்ள இடமளிக்கிறது. கேரளப் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என்று நான்கு வழிகளில் வெளிவருகின்றன. 2017ஆம் ஆண்டு மலையாளக் கற்றல் சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. எல்லைக்கு அப்பால் 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் குமரி மாவட்ட மலையாளக் குழந்தைக்குத் தமிழைக் கட்டாயமாக்கியது. இரு மாநிலங்களும் சேர்ந்து எல்லைப் பிள்ளைகளை இருமொழியாளர் ஆக்கிவிட்டன. இயங்குதளமோ நிறுவும்போதே ஒரு கேள்வி கேட்கிறது: உன் மொழி எது? ஒன்றைத்தான் சொல்லலாம். சட்டம் இருமொழியாளரை உருவாக்குகிறது. கணினி ஒருமொழியாளரை எதிர்பார்க்கிறது.

இதில் வேதனை என்னவென்றால், தீர்வு ஏற்கெனவே அந்த இயங்குதளத்துக்குள் இருக்கிறது. குனு/லினக்ஸின் இடைமுகச் செய்திகளை மொழிபெயர்க்கும் 'கெட்டெக்ஸ்ட்' என்ற அமைப்பில், முதலில் தமிழ், அது இல்லையேல் மலையாளம், அதுவும் இல்லையேல் ஆங்கிலம் என்று மொழிகளை முன்னுரிமை வரிசையில் அடுக்கும் வசதி உண்டு. ஒரே ஒரு வரியில் எழுதிவிடலாம். அந்தக் கருவியை வடிவமைத்தவர்கள் மனிதர் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மொழி இருக்கலாம் என்று எண்ணிப் பார்த்தார்கள். அதைப் பள்ளிக் கணினியில் நிறுவுவதற்குரியவர்கள் அவ்வாறு எண்ணிப் பார்க்கும்படி யாரும் மேடையேறி விளக்கவில்லை என்றால், குற்றம் கருவியிடம் இல்லை.

எதிர்வாதங்கள் எவையென்று எளிதில் ஊகிக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்பது நல்லது.

எண்ணிக்கை சிறிது என்பது முதல் வாதம். சில ஊர்களுக்காக மாநாடு கூட்ட முடியுமா என்பார்கள். 1974இல் நியூயார்க்கில் கூடியவர்கள் இரண்டு டஜன் பேர் என்பதே இதற்கு விடை. பயனர் கூட்டத்தின் வலிமை தலைகளின் எண்ணிக்கையில் இல்லை, குறையின் துல்லியத்தில் இருக்கிறது. தவிரவும் இந்தக் குறை பாறசாலையோடு முடிவதன்று. காசர்கோட்டின் கன்னடர், விளவங்கோட்டின் மலையாளியர், பாலக்காட்டின், தேவிகுளத்தின் தமிழர், ஓசூரின் தெலுங்கர் என்று மாநில எல்லை ஒவ்வொன்றின் இருபுறமும் இதே பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. ஓரிடத்தில் தீர்த்தால் எல்லா இடங்களுக்கும் பயன்படும்.

ஒருங்குறி வந்த பிறகு சிக்கல் ஏது என்பது இரண்டாம் வாதம். மேலே கண்ட ஒற்றைச் சொல்லே இதற்கு மறுப்பு. ஒருங்குறி எழுத்துக்கு எண் கொடுத்தது. அந்த எண்களுக்கு இடையிலான உறவை, ஒரு மொழியின் பெயர் மற்றொரு மொழியில் எவ்வாறு எழுதப்படும் என்பதை, அது தீர்க்கவில்லை. தீர்ப்பது அதன் பணியும் அன்று. அதைச் செய்யவேண்டியவர்கள் இரு மொழியையும் அன்றாடம் எழுதுபவர்கள்.

பேசினால் எழுதிக்கொள்ளும் கைபேசி வந்துவிட்டது, விசைப்பலகை எதற்கு என்பது மூன்றாம் வாதம். குரல்வழித் தட்டச்சும் பேசத் தொடங்குமுன் மொழியைத் தெரிவு செய்யச் சொல்கிறது. நெய்யாற்றங்கரையின் பேச்சு ஒரே வாக்கியத்துக்குள் இரு மொழிக்கும் போய்வருவது. அதைத் தமிழாகத் தெரிவு செய்தால் மலையாளப் பாதி சிதையும்; மலையாளமாகத் தெரிவு செய்தால் தமிழ்ப் பாதி. பழைய கேள்வியே புதிய உடையில் வந்திருக்கிறது.

இது பழைய எல்லைப் பூசலைக் கிளறும் முயற்சி என்பது நான்காம் வாதம். இதுவே மிக மலினமானது. எந்த ஊர் எந்த மாநிலத்தில் இருக்கவேண்டும் என்ற கேள்வி 1956இல் முடிந்தது. இங்கே எழுவது அந்த ஊரார் தம் பெயரைத் தேடினால் கிடைக்கவேண்டும் என்ற கேள்வி. தமிழ் மாணவர் மலையாள விசைப்பழக்கத்தால் தமிழ் எழுதுவதும், மலையாள மாணவர் அதே விசையில் தமிழ் கற்பதும் எந்தத் தேசியத்துக்கும் இழுக்கில்லை. உண்மையில் மலையாளச் சில்லு பற்றிய விவாதத்தை ஆழமாகப் புரிந்துகொள்ளத் தமிழ் னகரத்தை அறிந்தவரே பெருந்துணையாக இருந்திருப்பார்.

கடைசி வாதம் ஆய்வுலகினுடையது, வெளியே சொல்லப்படாதது. குறியேற்றமும் விசைப்பலகையும் பொறியாளரின் வேலை, சமூக அறிவியலாளருக்குரியது கொள்கையும் இயக்கமும் அதிகாரமும் என்பது அது. சொல்லொன்றின் குறியெண்ணில் மாநில எல்லை ஓடுவதைக் காண மறுக்கும் அதிகார ஆய்வு எதை ஆராய்கிறது? விடுதலை என்ற சொல் ஒரு நூற்றில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது எளிது. ஒரு தொழில்நுட்ப உரையைப் புரிந்துகொண்டு, அதில் யாருடைய கை கருதப்பட்டது, யாருடைய கை கருதப்படவில்லை என்று வாசிப்பது கடினம். கடினமானதைத் தவிர்ப்பதற்கு ஒழுங்குமுறை எல்லை என்று பெயர் சூட்டிக்கொள்வது புலமை ஆகாது. பொறியியல் துறைகளுக்கும் இதில் பங்குண்டு. பயனர் கூட்டத்தில் ஆற்றிய உரைக்குப் பதவி உயர்வில் மதிப்பெண் இல்லை. யாரும் வாசிக்காத ஆய்விதழில் வந்த கட்டுரைக்கு உண்டு. உரைகள் பதிவாவதில்லை; பதிவாகாதவை வரலாற்றில் இல்லாதவை ஆகின்றன; பின்னர் வரலாறு மேடைப் பேச்சுகளால் நிரப்பப்படுகிறது.

செய்யவேண்டியது பெரிய திட்டமன்று. நெய்யாற்றின்கரையிலோ பாறசாலையிலோ ஒரு பள்ளிக் கூடத்தில் ஒரு சனிக்கிழமை போதும். வாழ்த்துரை வேண்டாம். ஐந்து உரைகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், பேசுபவர் விரும்பும் மொழியில். ஊர்ப்பெயர் இரு மொழியிலும் கணினிக்குள் படும் பாடு பற்றி ஒன்று. இன்ஸ்கிரிப்டில் மலையாளம் அறிந்த விரலுக்குத் தமிழ் கற்பிப்பது பற்றி ஓர் ஆசிரியரின் உரை. மொழி முன்னுரிமை வரிசையைப் பள்ளி இயங்குதளத்தில் அமைத்துக் காட்டும் செயல்விளக்கம் ஒன்று. இரு எழுத்திலும் பெயர்கள் கலந்த வருகைப்பதிவேட்டை வரிசைப்படுத்துவது பற்றி ஒரு மாணவரின் உரை. கேரளத் தமிழ்வழிப் பாடநூலின் கணினிக் கலைச்சொற்களையும் தமிழ்நாட்டுப் பாடநூலின் கலைச்சொற்களையும் பக்கம் பக்கமாக ஒப்பிடும் உரை ஒன்று. சென்னையிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் வல்லுநர்கள் வரட்டும். முன்வரிசையில் அமர்ந்து கேட்கட்டும், குறித்துக்கொள்ளட்டும், திரும்பிப்போய்த் திருத்தட்டும். ஆய்வு மாணவர் ஒருவர் ஐந்து உரைகளையும் பதிவுசெய்து, எழுத்தாக்கி, யாரும் எடுத்தாளும் வகையில் வெளியிடட்டும்.

கட்டற்ற மென்பொருளின் வாக்குறுதிகளுள் ஒன்று, பயனர் தம் தேவைக்கேற்ப நிரலை மாற்றிக்கொள்ளலாம் என்பது. அந்த வாக்குறுதியை இந்திய மண்ணில் உரத்து அறிவித்த நகரத்திலிருந்து பாறசாலைக்குத் தொடர்வண்டியில் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. கால் நூற்றாண்டாக அந்தத் தொலைவைக் கடக்காத வாக்குறுதியைப் பற்றி இன்னும் ஒரு கருத்தரங்கம் நடத்துவதைவிட, அந்த ஊரில் ஒரு பிள்ளையைத் திரையின் முன் நிறுத்தி, எது வேலை செய்யவில்லை என்று சொல்லச் சொல்வது நேர்மையான காரியம்.